பாண்டியனுக்கு ஒரு மீன் குறைந்தது

ஆறாம் வகுப்பில் நான் பாண்டிய மன்னனாக இருந்தேன். ஆட்சிக்காலம் மொத்தம் பன்னிரண்டு நிமிஷம், பள்ளி ஆண்டு விழா நாடகத்தில். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, எனக்கு மீன். பாண்டிச் சீமையில் பிறந்தவனுக்கு மீன்கொடி பிடிக்கச் சொல்லியா தரவேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

தமிழ் ஐயா மட்டும் எச்சரித்திருந்தார். "பழைய காசுல ஒத்த மீனும் உண்டு, ரெட்டை மீனும் உண்டு. நம்ம கொடியில ரெண்டு. ஒண்ணையொண்ணு பாத்து நிக்கணும். மீனுக்கு இமை கெடையாதுலே. ராசா கண்ணை மூடாம குடிகளப் பாக்கணும்னு அதுக்கு அர்த்தம். தப்பா வரைஞ்சே, கிரீடம் அடுத்தவன் தலைக்குப் போயிரும்."

விழா நாள் மதியம், எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் கிடைத்த வெள்ளைத் துணியை விரித்து, சிவப்புச் சாயத்தைக் கஞ்சியில் குழைத்து வேலையைத் தொடங்கினேன். சங்கரன்கோவிலில் கடல் ஏது? நான் கண்ட மீனெல்லாம் சந்தைக் கருவாடுதான். வரைந்ததும் அந்தச் சாயலில்தான் வந்தது. இடப்பக்க மீன் முடிந்தபோது சாயமும் முடிந்துபோனது. சாய அறையைப் பூட்டிச் சாவியோடு அப்பா கடையநல்லூர் போயிருந்தார்.

பாண்டிய மன்னன் அழுதான், மூக்கு ஒழுக. சோழனுக்குக் காய்ச்சல் வந்து நாடகமே நின்றுபோகாதா? இரண்டாவது மீன் போரில் மாண்டது என்று சபையில் அறிவித்துவிடலாமா? இப்படி ராஜதந்திரம் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள்.

"ஏலே, மீனுக்கு அழுதியா, கிரீடத்துக்கு அழுதியா?"

"இன்னொரு மீன் வேணும் அத்தை. இல்லன்னா ஐயா வேஷத்தப் புடுங்கிருவாரு."

"மொதல்ல போய் மூஞ்சியக் கழுவு. ராசா மாதிரியா இருக்க?"

கழுவித் திரும்பினால், ஈரம் காயாத கொடியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, உள்ளங்கையால் அழுத்தி நீவிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இருந்த ஒண்ணையும் கெடுத்திட்டியே அத்தை!"

"நேரமாச்சு, ஓடு" என்று கொடியை என் கையில் திணித்தாள்.

மேடையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடியை விரித்தேன். குடிகளைப் பார்க்கும் தைரியம் மன்னனுக்கு இல்லை. கைதட்டல் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். இரண்டு மீன்கள், ஒன்றையொன்று முறைத்தபடி!

நாடகம் முடிந்ததும் ஐயா கொடியை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"வலது மீன் ஏம்லே வெளிறிக் கெடக்கு?"

"அது கொஞ்சம் தூரத்துல நிக்கு, ஐயா."

அவர் வாய்விட்டுச் சிரித்ததில் என் தலைக்கனம் கிரீடத்தைத் தாண்டியது. வீட்டுக்கு வந்து, கொடி தானாகவே சரியாகிவிட்டது, எல்லாம் பாண்டிய ரத்தம் என்று அளந்தேன். அத்தையை மன்னித்துவிட்டதாகவும் பெருந்தன்மையோடு அறிவித்தேன். அவள் "ரொம்ப சந்தோசம் மக்கா" என்று சொல்லிவிட்டு, கையில் ஏறியிருந்த சிவப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தறிக்காரர் வீட்டில் சாயம் காயாத துணியை யாரும் மடிக்க மாட்டார்கள். மடித்தால் சாயம் மறுபாதியிலும் அப்படியே பதிந்துவிடும். எங்கள் தறிக்கூடத்தில் அதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவளே அத்தைதான். இது என் மண்டையில் ஏறுவதற்கு, நானே தறி போட்டு, முதல் சேலையைச் சாயம் காயுமுன் மடித்துப் பாழாக்க வேண்டியிருந்தது.