வகுப்பில் தூங்கிய குருவம்மாள்

குருவம்மாள் வகுப்பில் தூங்கிவிட்டாள். வெறும் தூக்கமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அறுபது பேரில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். குருவம்மாள் குறட்டையும் விட்டுவிட்டாள்.

2004ஆம் வருஷம், ஆடி மாதம். விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் பட்டாசு ஆபீஸ். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு பாதுகாப்புப் பயிற்சி அதிகாரி வருவார். சாப்பாட்டு நேரத்தில் ஆட்களைக் கூட்டி, அச்சடித்த தாளில் உள்ளதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். முடிந்ததும் எல்லோரும் நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

குறட்டைச் சத்தம் கேட்டு அவர் வாசிப்பதை நிறுத்தினார். "அந்தம்மாவை எழுப்புங்க."

பக்கத்தில் இருந்த ராமுத்தாய் விலாவில் ஒரு இடி இடித்தாள். குருவம்மாள் மலங்க மலங்க விழித்தாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"நிலைமின்னூட்டம்னு சொன்னீக சார். அதுவரைக்கும் காதுல விழுந்துச்சு. அதுக்குப் பெறகுதான் கண்ணு சொருகிருச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்துபோனது. "உங்க உயிரைக் காப்பாத்தத்தானேம்மா இம்புட்டும் சொல்றேன்?"

"வாஸ்தவந்தான் சார், கோவிச்சுக்கிடாதீக. காலைல எட்டு மணிக்குத் தரையில உக்காந்தது. இடுப்பு கழண்டு கெடக்கு. வலியோட உக்காந்திருக்கவ காதுல என்ன சார் ஏறும்?"

நக்கலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். மரத்துக்குப் பின்னால் நின்றிருந்த முதலாளி காதிலும் அது விழுந்தது.

குருவம்மாள் பிறந்தது மல்லாங்கிணறுப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை இருந்தால் களையெடுப்பு, இல்லையென்றால் வேலிக்கருவை வெட்டு. கொத்தனார் ஊர்க்காவலனுக்கு வாக்கப்பட்டு விஸ்வநத்தம் வந்த மறு மாதமே பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறியவள், இருபத்திரண்டு வருஷமாகச் சரவெடி பின்னினாள். அவள் விரல் போகிற வேகத்துக்கு நூல்கண்டு ஈடுகொடுக்காது. வாயும் அப்படித்தான். வேனில் அவள் வராத நாளில், யாரோ ரேடியோவை அணைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்பார்கள்.

சங்கரபாண்டியனுக்கு வேறொரு கவலை. தீபாவளிக்கு மறுவாரம் ஆபீஸ் திறந்தால், அறுபது பேரில் முப்பது பேர்தான் திரும்பி வருவார்கள். மீதிப் பேர் வேறு கம்பெனி வேனில் ஏறிப் போயிருப்பார்கள். ஆயுத பூஜைக்கு எவர்சில்வர் வாளி கொடுத்துப் பார்த்தார், சேலை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். வாளியை வாங்கிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். "சனங்களுக்கு நன்றி கெடையாது அண்ணாச்சி," என்பார் போர்மேன் காசிராஜன். அவர் சத்தம் போட்டால் நாலு ரூம் தாண்டிக் கேட்கும்.

வகுப்பு நடந்த மறுநாள் முதலாளி கூப்பிடுகிறார் என்று குருவம்மாளுக்கு ஆள் வந்தது. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டாள். துணைக்கு ராமுத்தாயையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"குருவம்மா, ஒண்ணு கேக்கேன், பயப்படாமச் சொல்லு. இங்கன ஆளு ஏன் தங்க மாட்டேங்கு?"

கேட்ட விதத்தில் பயம் கொஞ்சம் தெளிந்தது. ராமுத்தாயைப் பார்த்தாள், ராமுத்தாய் தரையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்டச் சொல்ல முடியாததும் அதுல இருக்கு. அக்காவை ஒருநா வரச் சொல்லுங்க. அவுககிட்டச் சொல்லுதோம்," என்றாள் குருவம்மாள்.

முதலாளியின் மனைவி ஆவுடைத்தாய் அதற்கு முன் பூஜை நாளைத் தவிர ஆபீஸுக்குள் கால் வைத்ததில்லை. வந்தவள் நாற்காலியை வேண்டாம் என்றாள். "நீங்க செய்ற வேலையை நானும் ஒருநா செஞ்சு பாத்தாத்தானே தெரியும்," என்று பருத்திச் சேலையோடு சரம் பின்னுகிற ரூமுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் ராமுத்தாய் தன் இடத்தை விட்டுவிட்டு லேபிள் ஒட்டப் போனாள்.

பத்து மணி வரைக்கும் ஆவுடைத்தாய் சிரித்துக்கொண்டே பின்னினாள். பதினொன்றுக்குக் காலை மாற்றி மாற்றிப் போட்டாள். பன்னிரண்டுக்கு, "ஏத்தா, கக்கூஸ் எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

குருவம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். மேற்கே கடைசியில், கருவேலங்காட்டை ஒட்டி ஒரு தகரக் கதவு. வெயிலில் முந்நூறு அடி நடக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

"இதுக்குப் பயந்தே நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்லக்கா," என்றாள் குருவம்மாள் மெதுவாக. "தண்ணி குடிக்காம மூணு மணிக்கெல்லாம் தலை கிறுகிறுங்குது. நீர்க்கடுப்பு இல்லாத பொம்பளை இந்த ஆபீஸ்ல இல்ல. இதத்தான் அண்ணாச்சிகிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

ஆவுடைத்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த முந்நூறு அடியும் நடந்து போய்த் திரும்பி வந்தாள். சாயங்காலம் வரை உட்கார்ந்தாள். நாலு மணிக்கு எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வலியில் முனகியவள் சட்டென்று சிரித்துவிட்டாள். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டில் அவள் கணவரிடம் என்ன பேசினாளோ தெரியாது. மறு திங்கட்கிழமை கொத்தனார் வந்துவிட்டார். வந்தது ஊர்க்காவலன்தான். "ஏ புள்ள, நீ வாயத் தொறந்தா எனக்கு வேலை வருது, இன்னும் நாலு தடவை தூங்கு," என்று பொண்டாட்டியைக் கேலி செய்துகொண்டே, ரூம்களுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோடு மூன்று கழிப்பறை கட்டினார்.

உட்கார்வதற்கு முதுகு சாய்கிற மாதிரி பலகை வந்தது. பதினொன்றுக்கும் மூன்றுக்கும் பத்துப் பத்து நிமிஷம் எழுந்து நடக்கலாம் என்றானது. மாதம் ஒருமுறை ஒரு நர்ஸம்மா வந்து ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தாள். "பத்து பத்து நிமிசம் போனா லோடு என்னத்துக்கு ஆகும்?" என்று காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். லாரியில் போகிற லோடு குறையவில்லை. பின்னல் பிசகிக் கழித்துப் போடுகிற சரங்கள் குறைந்தன. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வாசித்தால் தூக்கம்தான் வருகிறது, அதிகாரிக்குக் காத்திராமல் அடுத்த வகுப்பைக் குருவம்மாளே எடுக்கட்டும் என்று முதலாளி சொன்னபோதுதான் அவள் நிஜமாகப் பயந்தாள். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். அவள் எடுத்த முதல் வகுப்பு அவமானமாகப் போயிற்று. அதிகாரி மாதிரியே தாளைப் பிடித்துக்கொண்டு, "தொழிலாளர்கள் அனைவரும்..." என்று ஆரம்பித்தாள். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் யோசித்தாள். மறுபடி கூட்டம் போட்டபோது கையில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்று சொல்லி, காலையில் வேலை தொடங்குமுன் அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாது. இந்த ஆபீஸ்ல நீங்க பயந்த ஒருநா இருக்கும்ல? அதச் சொல்லுங்க."

முதலில் பேசியது யாரும் எதிர்பாராத ராமுத்தாய். "பொங்கலுக்கு எடுத்த நைலக்ஸ் சேலையக் கட்டிக்கிட்டு ஒருநா ரூமுக்கு வந்துட்டேன். வீட்ல போய்க் கழட்டுறப்ப கரண்டு இல்ல. இருட்டுல சடசடன்னு பொறி பறந்துச்சு. இதோடயா நாளெல்லாம் வெடிமருந்துப் பக்கத்துல உக்காந்திருந்தோம்னு நெனச்சேன். பெறகு அந்தச் சேலைய ஆபீஸுக்குக் கட்டினதே இல்ல."

குருவம்மாள் வாயைப் பிளந்தாள். "அடியே! அந்த சார் சொன்ன நிலைமின்னூட்டம் இதாண்டி!"

அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து அந்த ஆபீஸில் அதற்குப் பெயர் சடசடப்பு. உடம்பில் ஏறிய சடசடப்பு மண்ணில் இறங்கத்தான் ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கிறது, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்தடுத்த வகுப்புகளில் ஆளுக்கொரு கதை வந்தது. நாலாவது வகுப்பில் காசிராஜன், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் சுருங்கி வழவழவென்று இருந்தது.

"இருவது வயசுல சுட்டது. கூட இருந்தவன் பொழைக்கல. நான் கத்துறது கோவத்துல இல்லம்மா, பயத்துல கத்துறேன்."

அதற்குப் பிறகு அவர் கத்தினால் யாருக்கும் எரிச்சல் வரவில்லை.

அடுத்த சித்திரையில் குருவம்மாள் மகள் வேல்விழியின் வளைகாப்புக்காக இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அன்றைக்கு உச்சி வெயிலில் லாரி வந்து நின்றது. அவசர ஆர்டர். மேடையில் காயப்போட்டிருந்த சரக்கை உடனே அள்ளிக் கட்டச் சொன்னார் காசிராஜன். ராமுத்தாய் மேடையோரம் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"அண்ணே, கால் பொறுக்க முடியாத சூடு. இப்ப அள்ளக் கூடாது, ஒரசுனாலே பத்திக்கிரும். வெயில் தாழட்டும்."

"லாரி நிக்குல்ல?"

"நிக்கட்டும்ணே."

அள்ள வந்த பதினாறு பேரும் அவள் பின்னால் நின்றார்கள். யாரும் சண்டைக்கு நிற்கவில்லை, நிழலில் போய் உட்கார்ந்தார்கள். காசிராஜன் ஒரு நிமிஷம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு லாரி டிரைவருக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தானும் வந்து உட்கார்ந்தார். நாலரை மணிக்கு அள்ளினார்கள், ஆறு மணிக்கு லாரி கிளம்பியது. ஒன்றும் நடக்கவில்லை. பட்டாசு ஆபீஸில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பெரிய சேதி.

லீவு முடிந்து வந்த குருவம்மாள் வேனிலேயே கதையைக் கேட்டாள். தான் இல்லாமலே நடந்துவிட்டதே என்று முதலில் லேசாக ஒரு பொறாமை. அது வேன் ஆபீஸ் வாசலுக்குத் திரும்புவதற்குள் கரைந்துபோயிற்று. ராமுத்தாயின் கன்னத்தைக் கிள்ளி, "ஊமைக் கோட்டான், எங்கன வச்சிருந்த இம்புட்டு வாயையும்?" என்றாள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து ஆபீஸ் திறந்த அன்று சங்கரபாண்டியன் ஏழு மணிக்கே வாசலில் வந்து நின்றார். முதல் வேன் நிறைந்து வந்தது. இரண்டாவது வேனில் ஆட்கள் படியில் நின்று வந்தார்கள். அறுபத்திரண்டு பேரில் அறுபது பேர் வந்திருந்தார்கள். வராத இரண்டு பேரில் ஒருத்திக்குப் பிரசவம், இன்னொருத்தி மாமியார் வீட்டில் துக்கம். அதுபோக, வேறு கம்பெனியிலிருந்து ஒன்பது பெண்கள் வேலை கேட்டு நின்றார்கள்.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் முதலாளி.

"இங்கன பக்கத்துலயே கக்கூஸ் இருக்காம்ல," என்றாள் அதில் ஒருத்தி, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு. "சொன்னாக் காது குடுத்துக் கேக்காகளாம்."

சங்கரபாண்டியன் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாயும் குருவம்மாளும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்துக் காலி இடத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"அங்கன என்ன அளவு?" என்று கத்தினார்.

"கைப்பிள்ளைக்காரி எத்தனை பேரு வீட்ல கெடக்கா அண்ணாச்சி," என்றாள் குருவம்மாள் கயிற்றை விடாமல். "ரூமுகளுக்கு எட்டத்துல, இங்கன ஒரு தொட்டில் கொட்டகை போட்டா அவுகளும் வந்துருவாக. ஒங்க கொத்தனாருகிட்ட நேத்தே பேசிட்டேன்."