ஒரு சொட்டு அயோடின்

எனக்குச் சந்தேக புத்தி. அதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை. முப்பது ரெக்கார்டு நோட்டில் ஒரே விடை இருந்தால் காப்பி அடித்தார்கள் என்பேன். ஒருத்தி மட்டும் வேறு விடை எழுதினால், அவள் சோதனையே செய்யவில்லை என்பேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பார் என் கணவர். வராந்தாவில் என் கஞ்சி போட்ட காட்டன் புடவை மொடமொடக்கிற சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். சயின்ஸ் டீச்சர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமை வேறு.

மாடம்பாக்கத்தில் எங்கள் பள்ளி; என் வீடும் அங்கேயேதான். எட்டாம் வகுப்பில் உணவுக் கலப்படம் பாடம் வந்தது. வாசித்துக் காட்டினால் தூங்கிவிடுவார்கள், செய்தே பார்க்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் பால் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிய பாலைக் கெட்டியாகக் காட்ட மாவு கலப்பவர்கள் உண்டு. அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவு இருக்கிற பால் நீலமாகும், நல்ல பால் லேசான மஞ்சளோடு நின்றுவிடும். மெடிக்கல் ஷாப்பில் அயோடின் வாங்கி, வீட்டிலிருந்து ஐந்து கண்ணாடி டம்ளரும் எடுத்துப் போனேன்.

ஐந்து டம்ளரும் மஞ்சள். பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது, உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். அப்போது முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி குட்டி பாட்டில் ஒன்றை நீட்டினாள். காலி டம்ளர் இல்லை. ஒன்றைக் கொட்டி, அலசி, முந்தானையால் துடைத்து, அவள் பாலை முழுக்க ஊற்றினேன். ஒரு சொட்டு விட்டேன். நீலம்! வகுப்பே எழுந்து நின்றது.

"யார் வீட்டுப் பால்?"

"இவங்க அம்மா ஊத்துறதுதான் மிஸ்." மூன்றாவது பெஞ்சைக் காட்டினாள். அங்கே இருந்த பெண்ணின் அம்மா இரண்டு மாடு வைத்து எங்கள் தெருக்களில் பால் ஊற்றுகிறவள். அந்தப் பெண் மட்டும் அன்று பால் கொண்டுவரவில்லை. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"நீ ஏன் கொண்டுவரலை? உங்க வீட்டுல பாலுக்கா பஞ்சம்?"

"எல்லாம் ஊத்துறதுக்கே சரியாப் போயிடும் மிஸ். நாங்க வரக்காப்பிதான்."

ஒரு வார்த்தைகூட நம்பவில்லை நான்.

"மிஸ், வேற டம்ளர்ல இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றாள் மெதுவாக.

"என்னடி, டம்ளர் மேல பழியா?" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுபடி பார்க்க அந்தப் பாட்டிலில் ஒரு சொட்டுப் பாலும் மிச்சமில்லை.

அதோடு விட்டேனா? நீல டம்ளரைப் படம் எடுத்து, 'நம் மாணவர்களின் கண்டுபிடிப்பு' என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். யார் பால் என்று எழுதவில்லை. எழுத அவசியமே இருக்கவில்லை, அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவள் அம்மா பள்ளி கேட்டில் நின்றாள். சைக்கிளில் தொங்கிய கேன் இன்னும் பாதி நிறைந்திருந்தது.

"இன்னா டீச்சர் இப்டி பண்ணிட்டீங்க? பாதி வூட்ல பாலு வேணாம்னுட்டாங்க. அத்த வுடுங்க. எம்பொண்ணு என்னைப் பாத்து, 'மெய்யாலுமே மாவு கலந்தியாம்மா'ன்னு கேக்குது. பெத்த பொண்ணு கேக்குது டீச்சர்! நாளைக்குக் காலைல வூட்டுக்கு வாங்க. கறக்கசொல்லோ நீங்களே பாருங்க."

இவ்வளவு தைரியமாகக் கூப்பிடுகிறாள் என்றால் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. அவர்கள் பாத்திரத்தைத் தொடவே கூடாது என்று என் டம்ளரையே அயோடின் பாட்டிலோடு பையில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் ஸ்கூட்டியில் போனேன். பள்ளிக்குக் கட்டுகிற புடவையோடுதான் போனேன். கொட்டகையில் தாயும் மகளும் காத்திருந்தார்கள். டம்ளரில் வழித்தூசு இருக்குமே என்று ஒரு மடக்குத் தண்ணீரில் அலசி, முந்தானையால் நன்றாகத் துடைத்து நீட்டினேன்.

"இதுலயே நேரா கறங்க."

நுரையோடு பால் விழுந்தது. சொட்டு விட்டேன். நீலம்.

அந்த அம்மாள் மாட்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். மகள் அவள் முகத்தையே பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கையில என்ன தடவியிருக்கீங்க? காட்டுங்க!" என்று கத்தினேன். பாவி, மாட்டின் மடியிலா மாவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மகள் என்னிடமிருந்து டிராப்பரை வாங்கினாள். அம்மாவின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள், பழுப்பாகவே நின்றது. பிறகு என் முந்தானையைப் பிடித்து அதில் ஒரு சொட்டு விட்டாள். குப்பென்று கருநீலம் பரவியது.

"கஞ்சி, மிஸ்" என்றாள். "அன்னைக்கு கிளாஸ்லயும் டம்ளரை இதாலதான் தொடைச்சீங்க."

உள்ளே ஓடி ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள். துடைக்காத டம்ளர். அதில் கறந்த பால் மஞ்சளாகவே நின்றது. அதைப் பார்த்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று ஓவென அழுதாள். அந்த மன்னிப்பு நான் கேட்க வேண்டியது. "தப்பு என்னோடதுதாங்க" என்றேன்.

"அத்த குரூப்புல போடுங்க டீச்சர்" என்றாள் அந்த அம்மாள்.

அன்று அதே கறைப் புடவையோடு வகுப்பில் நின்று எல்லாவற்றையும் செய்துகாட்டினேன். குரூப்பிலும் ஒன்று விடாமல் எழுதினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படங்களாக வந்து விழுந்தன. சில வீடுகள் மறுபடி பால் வாங்கின. சில வீடுகளில், "சரிதான் மிஸ், இருந்தாலும்..." என்று இழுத்தார்கள். அந்த 'இருந்தாலும்' எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுசு முழுக்க நான் சொல்லிவந்த வார்த்தைதான் அது.

இப்போது எங்கள் வீட்டிலும் அவர்கள் பால்தான். லீவு நாட்களில் மகள் கேனோடு வருவாள். நான் பாத்திரத்தை நீட்டினால் உடனே ஊற்றமாட்டாள். வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, உள்பக்கம் ஒரு விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பாள்.

"துடைக்கலைம்மா, கழுவி கவுத்து வச்சதுதான்" என்பேன்.

தலையாட்டுவாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள்.