குளத்தின் மறுகரையில் தம்பி

தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கு, மூத்தவன் எழுதுகிறேன். படித்த பிள்ளைகள் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று, லண்டன் மோர்டனில் சொந்தக் கடையும் சொந்த வீடும் வைத்திருக்கிறவன் தன் தம்பியைப் பற்றி எழுத வேறு ஆள் தேடுவதா? "அவர்" என்று எழுத வேண்டுமாம். எனக்கு அவன்தான்.

தம்பி பிறந்தது பருத்தித்துறையில். எங்களைப் பெற்ற ஐயாவைக் கடல் கொண்டுபோனபோது அவன் கைக்குழந்தை. நான் ஜெர்மனியில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் காசு சேர்த்து அவனையும் அங்கே கூப்பிட்டேன். பிறகு இருவரும் லண்டன் வந்தோம். குழாய் வேலை பழகினான். ஸ்ட்ரெதத்தில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு வாழ்ந்தான். குளிரில் ஹீட்டர் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவான்.

என் வீட்டின் பின்னால் நீச்சல் குளம் உண்டு. அந்த வீதியில் வேறு எவரிடமும் இல்லை. கட்டும்போதே தம்பி சிரித்தான்.

"அண்ணை, உங்களுக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆருக்கு இந்தக் குளம்?"

"பாக்கிற சனத்துக்கடா!"

சிரித்தவன்தான் ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன் வந்து அதை மூடித் தருவான். இந்த முறையும் வந்தான். தண்ணீரைக் குறைத்தான். குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி காற்றடித்து வெறுமையாக்கினான். பாசி பிடிக்காமலிருக்க மருந்து ஊற்றினான். மிஞ்சியது குளத்தின் மேல் விரிக்கும் கவர் மட்டும். பாரமான கவர்; இரண்டு கரையிலும் ஆள் நின்றால்தான் இழுக்கலாம்.

பாதி இழுத்தபோது மறுகரையில் அவன் பக்கம் தளர்ந்தது.

"என்னடா, கிழவன் நான் நிக்கிறன், உனக்குக் களைச்சுப்போச்சோ?"

"இல்லை அண்ணை... கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

குந்தினான். சரிந்தான். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். இருதயத்துக்கு மாத்திரை போடுகிறவன் நான். ஏணி ஏறுகிறவன் அவன். இது எப்படி? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். பிழை இருந்தால் பொறுக்கவும்.

நன்றி சொல்ல இன்னும் ஒருவர் இருக்கிறார்: தம்பியின் மனைவி. எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்தும் கவர் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. நான் கிட்டப் போகவில்லை.

"மண் போட்டு நிரவப்போறன். இந்த வீட்டிலை இனிக் குளம் இல்லை," என்று அவளிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"விடமாட்டன் அத்தான். எத்தினை வருசம் அவர் பாத்த குளம். அவரின்ரை வேலை குறையிலை கிடக்குது. எழும்புங்கோ."

மறுகரைக்குப் போய், அவன் விழுந்த இடத்தில் நின்று, கவரை இரண்டு கையாலும் பிடித்தாள். நனைந்து கனத்திருந்தது. என் பக்கம்தான் தளர்ந்தது. அவள் விடவில்லை. இழுத்தோம். குளம் முழுவதும் மறைந்தது.

வேலை முடிந்ததும் தம்பியிடம் சொல்லும் வழக்கத்தில் அந்தக் கரையைப் பார்த்து, "சரியடா, வா தேத்தண்ணி குடிப்பம்," என்று கூப்பிட்டேன்.

அவள் கவரின் ஓரத்தைக் கரையில் வைத்தாள்.

"ஓம் அத்தான்," என்றாள், "வாறன்."

— துயரோடு, அண்ணன்