தங்கைக்கு வேண்டாம் என்று சொன்னேன்

அந்த நவம்பர் முழுவதும் வராத ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது பேசினேன். சட்டைப் பொத்தான் போடும்போது பேசினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடக்கும் வழியிலும் பேசினேன். கணினியில் படங்களை ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டின் அடுத்த தலைமுறை. ஜனவரியில் அறிவிப்பார்கள். இப்போதைய பெரிய கார்டு செய்கிற வேலையை அதில் நடுத்தரக் கார்டே செய்துவிடும், சூடாகாது, சத்தம் போடாது. எங்கோ யாரோ கசியவிட்டதாக வேறு யாரோ எழுதியதை நான் செல்பேசியில் படித்திருந்தேன். படித்தவன் நான் என்பதால் அது உண்மையாகிவிட்டது.

கார்டு எனக்கில்லை, என் தங்கைக்கு. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, நாற்பத்து மூன்று. கல்யாணம் வேண்டாம் என்றவள், சித்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஊரார் கல்யாணங்களையெல்லாம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வீடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆறு மணி நேரக் கல்யாணத்தை அவள் இருபது நிமிடமாக்குவாள். எந்த அழுகையை வைப்பது, எந்த அழுகையை எடுத்துவிடுவது என்று அவளுக்குத் தெரியும். வசனமும் அல்லாத கவிதையும் அல்லாத ஏதோ ஒன்றை இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு அது தெரியாது.

அவளுடைய கணினியில் இருந்த கார்டு ஏழு வருடப் பழசு. புதுக் கேமராக்களில் எடுத்த படத்தை அதனால் தூக்க முடியவில்லை. திரையில் மணப்பெண் கண்ணைத் திறக்கவே பத்து நொடி ஆகும். மஞ்சள் அரிசி தலைக்கு மேலே எழும்பி, விழ மனமில்லாமல் நிற்கும். தங்கை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

அப்போதுதான் திருப்பதியிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். காலை முகூர்த்தத்தில் எடுத்ததை அன்று மாலை வரவேற்பிலேயே பெரிய திரையில் போட்டுக் காட்டும் வேலை. இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். மார்கழிக்கு முன் ஒரு கல்யாணம் செய்து காட்டட்டும், சரியாக வந்தால் தை பிறந்ததும் சீசன் முழுக்க அவளுக்கே என்றார். அவர் போனபின் தங்கை அவர் வைத்துவிட்டுப்போன காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திட்டம் ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ண்ணா, கார்டு மாத்திரணும்” என்றாள்.

“ஜனவரி வரைக்கும் பொறு” என்றேன்.

“கல்யாணம் டிசம்பர்ல கீது.”

“ஒரு கல்யாணம்தானே, பழசு தாங்கும். சீசனுக்குப் புதுசு வந்துடும். இப்ப வாங்கினா ரெண்டு மாசத்துல பழசாயிடும், அப்பால நீயே அழுவ.”

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் எங்கள் சபையில் காத்திருப்பதைப் பற்றித்தான் பிரசங்கம். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், போதகர் ஐயர் சொன்னதையே நானும் சொல்கிறேன் பார் என்று அவளைச் சீண்டினேன். அவள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

“அவரு வருவாருன்னு வேதத்துல எழுதிக்கீது. உன் கார்டு வரும்னு எவன் எழுதி வெச்சான்?”

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே எங்கோ ஓரிடம் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கை தோசை வார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், என் மனைவியிடம் சொன்னாள்: “அண்ணி, திருப்பதில ஒரு கடையில பேசிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கீதாம். எடுத்து வெக்கிறேன்னான். சனிக்கிழமை போயி வாங்கிக்கினு வந்துடறேன்.”

அவ்வளவுதான். என்னிடம் கேட்கவில்லை. எந்தக் கடை, என்ன கார்டு, எத்தனை மெமரி, எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதமாக இரவும் பகலும் படித்து வைத்திருந்தவனைத் தாண்டி ஒரு தோசை என் தட்டில் விழுந்தது. இதை எழுதும்போது அந்தத் தோசையின் சூடு வரைக்கும் நினைவிருக்கிறது. அடுத்து நான் செய்ததை அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. அவள் கேட்கவில்லை, அதனால் செய்தேன்.

நான் மாம்பழக் கூழ் ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். பழக்காலம் முடிந்தால் அங்கே பெரிதாக வேலை இருக்காது. வியாழக்கிழமை மதியம், அடுக்கி வைத்த டிரம்களுக்குப் பின்னால் நின்று, அவள் மேசையில் குறித்து வைத்திருந்த எண்ணில் அந்தக் கடைக்குப் போன் போட்டேன். அவள் அண்ணன் என்றேன். எடுத்து வைத்த கார்டு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். “மேடமே சொன்னாங்களா சார்?”

“வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம். அவ கொஞ்சம் பிடிவாதம். சனிக்கிழமை வந்து கேட்டா வித்துப்போச்சுன்னு சொல்லிடுங்க.”

அவர் சிரித்தார். “இன்ட்டி விஷயம், புரிஞ்சுது சார். அயிப்போயிந்தி அனி செப்தா.” வீட்டு விஷயம் என்று புரிந்ததாம், தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிடுவாராம். நன்றி சொன்னேன். அவளை அறியாத இரண்டு ஆண்கள் அவளைப் பற்றி ஒரு நிமிடத்தில் ஒத்துப்போனோம். அவளை அறியாதவர்களில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவள் போனாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர. போவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று காலையில் குளித்தேன், தலை துவட்டினேன், வாசல்வரை வந்தேன். “குடை எடுத்துக்கோ” என்றேன்.

சாயங்காலம் வெறும் பையோடு திரும்பினாள். “எவனோ வந்து வாங்கிக்கினு பூட்டானாம் அண்ணி. மின்னாடியே சொல்லி வெச்சேன், இருந்தும் குடுத்துட்டான். வேற நாலு கடை ஏறி எறங்குனேன். ஒருத்தன்கிட்டயும் இல்ல.” பிறகு என் பக்கம் திரும்பி, “சரிண்ணா, நீ சொன்ன மாதிரியே ஆச்சு. ஜனவரிலயே வாங்கிக்கலாம்” என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். நான் சொன்னதெல்லாம் சரி என்பதுபோல அவள் தலையாட்டியதைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா. “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றேன்.

கல்யாணத்துக்கு நானும் போனேன், கணினியைத் தூக்க ஆள் வேண்டுமே. திருப்பதியில் மண்டபத்துக்குப் பின்னால், சமையல் பாத்திரங்கள் அடுக்கிய அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். பதினோரு மணிக்குப் படங்கள் வந்து சேர்ந்தன. அவள் சாப்பிடப் போகவில்லை. நின்று நின்று நகரும் திரையில், கண் மூடிய பெண்ணையும் விழாத அரிசியையும் வைத்துக்கொண்டு, மனதிலேயே ஓட்டிப் பார்த்து வெட்டினாள். நாலு மணிக்கு முடித்துவிட்டாள். அவள் பங்கு முடிந்தது. இனி எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்துத் தருவது அந்தப் பழைய கார்டின் வேலை.

முப்பத்தெட்டு சதவீதம் சேர்ந்தபோது திரை கறுத்தது. மறுபடி ஆரம்பித்தாள். நாற்பத்தொன்றில் கறுத்தது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, சமையல்காரரிடம் மேசை விசிறி வாங்கி, உள்ளே காற்று போகும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே நாதஸ்வரம் ஓய்ந்து பாட்டுக் கச்சேரி தொடங்கியிருந்தது. போட்டோகிராபர் மூன்றுமுறை எட்டிப் பார்த்தார். ஏழரைக்குப் பெரிய திரையில் வெறும் போட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பந்திக்கு எழுந்தார்கள்.

“பர்லேது அக்கா” என்றார் போட்டோகிராபர். பரவாயில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல இடம் இருந்திருக்கும். அவள் ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாள். நான் விசிறியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சமையலறையில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரியில் புதுக் கார்டு வந்தது, செய்தியில் வந்தது. கடைகளில் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. விலையும் நான் படித்துச் சொன்ன விலை இல்லை. பழையதாகிவிடும் என்று நான் பயமுறுத்திய கார்டும் மறைந்துபோய், இருந்த இடங்களில் முன்னைவிட விலை ஏறியிருந்தது. தை பிறந்தது. கல்யாணங்கள் நடந்தன. போட்டோகிராபர் கூப்பிடவில்லை. தங்கை ஊரார் பிறந்தநாள் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் அவள் சொன்னாள்: “நீயும் வாண்ணா. செகண்டு ஹேண்டுல ஒண்ணு வந்துகீதாம், அதே கடையில. உனக்குத்தான் தெரியும், பாத்துச் சொல்லு.”

அதே கடை என்றாலும், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததில்லையே என்று தைரியம் சொல்லிக்கொண்டு போனேன். அந்தத் தைரியத்தைப் பற்றியும் வெட்கப்படுகிறேன். மாடிக்கடை, குறுகிய படி. கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, “இதுல எத்தன மாசம் ஓட்டியிருப்பாங்க?” என்று கேட்டேன். என் குரலை அடையாளம் காண அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

“சார், அன்னைக்கி போன் பண்ணது நீங்கதானே?” என்றார் கடைக்காரர். பகை எதுவும் இல்லை, பழைய ஆளைக் கண்ட சந்தோஷம்தான். தங்கையிடம் திரும்பி, “அப்பவே எடுத்திருக்கலாம்மா. புத்தம்புது பீசு, மீக்கோசமே வெச்சிருந்தேன். அண்ணனே ஒத்தன்னாரு கதா” என்றார்.

உங்களுக்காகவே வைத்திருந்தேன், அண்ணனே வேண்டாம் என்றாரே என்கிறார். அவளுக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாக வரும்.

“எப்போ?” என்றாள்.

“நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் மின்னாடி.”

என் கையிலிருந்த கார்டை வாங்கினாள். கடைக் கணினியில் போடச் சொல்லி, தான் கொண்டுவந்த படத்தை ஓட்டிப் பார்த்தாள். மணப்பெண் கண் திறந்தாள், அரிசி விழுந்தது. “குடுங்க” என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளில் சந்தனத்தோடு குடும்பம் குடும்பமாக ஆட்கள் பைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சித்தூர் பஸ் நிற்கும் இடத்தில் அவள் நின்றாள். நான் ஆரம்பித்தேன். அந்தச் செய்திகள், ஜனவரி, அவளுடைய நல்லது என்று நீட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “ஏன் என்னாண்ட சொல்லல?” என்றாள்.

“மன்னிச்சிடு” என்றேன். சர்ச்சில் வாராவாரம் எல்லோரும் ஒன்றாகச் சொல்கிற பாவ அறிக்கையில் என் குரலும் இருக்கும். கூட்டத்தில் சொல்லும்போது அது எவ்வளவு லேசாக வருகிறது.

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது” என்றாள். தன் செல்பேசியை எடுத்து அந்தப் போட்டோகிராபரின் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள். “அவராண்ட சொல்லு. எனக்கு வேல தெரியலன்னு நெனச்சிக்கினு கீறாரு.”

மணி அடித்தது. எடுத்துவிட்டார். நான் யார் என்று சொன்னேன். அன்றைக்கு மிஷின் சரியில்லாமல் போனதற்குக் காரணம் நான்தான், கார்டு விஷயத்தில் கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றேன்.

“தப்பா ஒண்ணும் புரிஞ்சிக்கல” என்றாள் பக்கத்திலிருந்து. “பொய் சொன்னேன்னு சொல்லு.”

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்தார். தெலுங்கில் சொன்னேன், பொய் சொன்னேன் என்று. அவள் எடுத்து வைக்கச் சொன்ன கார்டை அவளுக்குத் தெரியாமல் வேண்டாம் என்று சொல்லி, விற்றுவிட்டதாகக் கடைக்காரரை அவளிடம் சொல்லவும் வைத்தேன் என்று. எத்தனையோ வாக்கியங்களை வளைத்து வளைத்து எழுதியவன், அந்த ஒன்றை வளைக்காமல் சொல்ல வியர்த்துவிட்டேன். “அக்காகிட்ட கொடுங்க சார்” என்றார் போட்டோகிராபர்.

அவள் செல்பேசியை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்று பேசினாள். பஸ்ஸில் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள், மடியில் கார்டுப் பெட்டி. நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். சித்தூர் வரை அவள் திரும்பவில்லை.

அவர் என்ன சொன்னார் என்பதை வீட்டுக்கு வந்து என் மனைவியிடம்தான் சொன்னாள். அடுத்த வாரம் ஒரு சீமந்தம் இருக்கிறதாம். சின்னதுதான். அன்றைக்கே காட்ட வேண்டுமாம். சீசனை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று, அது திரும்பி வராது. இதைப் பார்க்கலாம் என்றாராம்.

வெளிச்சம் இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும் என்று பெட்டியை ஜன்னல் பக்கம் இழுத்து, பழைய கார்டைக் கழற்றினாள். என் மனைவியைக் கூப்பிட்டு திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும், மாதக்கணக்காகப் படித்தவன். ஒரு இடத்தில் அவள் தயங்கினாள். சொல்ல வாயெடுத்தேன், எடுத்தபடியே நிறுத்தினேன். அவள் குனிந்து பார்த்து, தானே கண்டுபிடித்து, அழுத்தினாள்.

“வெளிச்சத்த மறைக்காத ண்ணா” என்றாள்.

நகர்ந்து நின்றேன்.