தமிழர் வாங்காத கடை

அலுவலகத்தில் யாராவது என் கோட்டைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றால் "ப்ரூக்ட்" என்பேன். இந்த நாட்டு மொழியில், யாரோ போட்டுக் கழித்தது என்று பொருள். உடனே இன்னொரு தடவை பார்ப்பார்கள், முன்னதைவிட மரியாதையாக. அதே கோட்டைத் தமிழ் மண்டபத்தில் ஒரு மாமி தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்டால், மலிவு விற்பனையில் எடுத்தேன் என்பேன். ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான்; இரண்டு இடத்துக்கும் இரண்டு முகம் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு எரிச்சல்தான்.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் அடியோடு பிடிக்காது. நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த புதிதில், அங்குள்ள வெள்ளைக்காரர் பைகளில் கட்டிக் கொடுத்த பழைய உடுப்புகளைத்தான் அவர் போட்டிருந்தார். வேறு வழி இருக்கவில்லை. கையில் காசு இருக்கிற மகள் தானாகப் போய் அதையே வாங்குவதை அவரால் தாங்க முடியவில்லை. நான் குப்பை, பூமி, வருங்காலம் என்று வகுப்பெடுப்பேன். அவர் காது கொடுக்கமாட்டார்.

போன குளிர்காலம் முடியும் தறுவாயில், அப்படிப் பழையது விற்கும் ஒரு கடையில் மேசைவிரிப்புகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டுச்சேலை கிடந்தது. அகலமான சரிகைக் கரை, முந்தானையில் நெருக்கமாகக் கட்டிய குஞ்சம். அடுத்த கிழமை வெஸ்ட்லியில், பெரியவளான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு இருந்தது. உடுத்த ஒன்றும் இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

வீட்டில் அம்மா அதை விரித்தார். பிறகு சூடுபட்டவர் மாதிரிக் கையை எடுத்துவிட்டார்.

"இது கூறை," என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்து, தாலி ஏறும்போது பெண் உடுத்தியிருக்கும் சேலை. அதை ஒருத்தி விற்கவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள், கடைசியில் சிதைக்குக்கூட அதோடுதான் போவாள் என்றார். "ஒண்டில் அவள் செத்திருக்கவேணும், இல்லாட்டி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சரிகை போட்ட சிவப்பெல்லாம் கூறையா என்று நான் சிரித்தேன். புதுத்துணி எதற்கும் மூலையில் மஞ்சள் தடவித் தருகிற அம்மா, இதைத் திரும்பியும் பார்க்காமல் அறைக்குள் போனார். அவர் அப்படிப் போகாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் அதை உடுத்தியிருக்கமாட்டேன். என் பிடிவாதம் அப்படி.

மண்டபத்தில் எல்லோரும் சேலையைப் புகழ்ந்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்தும் என்னைப் பார்க்கவில்லை. பலகாரத் தட்டோடு வந்த ஒரு பெண் எனக்கு முன்னால் நின்றாள். என் வயதுதான் இருக்கும், நீலச்சேலை கட்டியிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தாள். நான் எழுந்து வேறு பக்கம் போனேன். அங்கேயும் வந்தாள். தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து, குளிருக்குப் போடும் ஜாக்கெட்டுகள் தொங்கும் நடைக்கு என்னை அழைத்துப் போனாள்.

எங்கே எடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் பழைய உடுப்பு வாங்கமாட்டினம் எண்டு நம்பித்தான் அங்கை குடுத்தனான்."

அவளும் கணவனும் இலையுதிர்காலத்திலேயே பிரிந்துவிட்டார்களாம். ஒருவருக்கும் தெரியாது. இப்போது மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவர் திரும்பிப் போகும்வரை இருவரும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடை கடையாய் ஏறி அந்தக் கூறையை எடுத்தவர் மாமியார். குஞ்சம் கட்டியதும் அவர் கைதான். அவர் இப்போது உள்ளே இரண்டாவது வரிசையில் இருக்கிறார். கண்டால் இந்த மண்டபத்திலேயே, இத்தனை சனத்துக்கு முன்னால், எல்லாம் வெளியே வந்துவிடும்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சேலையை மாற்றிக் கட்டிக்கொள்வோம், கூறையை நீங்களே உடுத்துங்கள் என்று உளறினேன்.

"அதை இனி நான் என்ரை உடம்பிலை போடமாட்டன்," என்றாள்.

வீட்டுக்குப் போவதுதான் ஒரே வழி. நான் ஜாக்கெட்டைப் போட, அவள் போய் அம்மாவைக் கூட்டிவந்தாள். இரண்டு வரியில் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "நான் சொன்னனான்தானே" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை, தன் கோட்டைத் தேடினார். அந்த நேரம் கதவு திறந்தது.

வந்தவர் சின்ன உருவம், நரைத்த கொண்டை. நீலச்சேலைக்காரியைப் பார்த்து, "இஞ்சையே நிக்கிறாய், எங்கையெல்லாம் தேடினனான்," என்றார். பிறகு அவர் கண் கீழே இறங்கியது. என் ஜாக்கெட் பூட்டாமல் கிடந்தது. அவர் கிட்ட வந்து, தொங்கிய முந்தானையைக் கையில் எடுத்து, குஞ்சத்தை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"நல்ல சீலை. எங்கை எடுத்தது, பிள்ளை?"

மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கும் மாமியாருக்கும் நடுவே அம்மா வந்தார்.

"அது என்ரை கூறை," என்றார். வீட்டில் தொட மறுத்த அந்தச் சேலையை என் தோளில் இழுத்துச் சரிசெய்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"உங்கடையோ? சரிகை கொஞ்சமும் கறுக்கேல்லையே."

"ஒருக்காத்தான் உடுத்தனான்."

அந்தப் பெண்மணி அம்மாவின் முகத்தையே பார்த்தார். குஞ்சத்தை அவர் விடவில்லை. தன் கையால் போட்ட முடிச்சு ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? உள்ளேயிருந்து பெண்கள் சிலர் சிரித்துக் கதைத்தபடி நடைப்பக்கம் வருவது கேட்டது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமியார் முந்தானையைச் சுருட்டி என் ஜாக்கெட்டுக்குள் தள்ளினார். குனிந்து, அதன் ஜிப்பைக் கீழிருந்து கழுத்துவரை இழுத்து மூடினார்.

"ஒருத்தரும் காணமுதல் வீட்டை போ, பிள்ளை," என்றார்.

பிறகு மருமகளின் கையைப் பிடித்து, வந்த பெண்களை விலத்திக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப்போனார்.