கோலா உருண்டைக்காக ஸ்தோத்திரம்!

சென்ற வருடம் மே மாதம், காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து விருந்து. என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மகனுக்கு விழா. இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது, கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது!

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். அவர் சிவகங்கைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவர். சாப்பாட்டுக்கு முன்னால் என் ஜெபம் ஒரே வரிதான். "ஆமென்" சொல்லும்போதே கை இலைக்குப் போயிருக்கும். அவருக்கு அதெல்லாம் போதாது. இலையில் இருக்கும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் ஸ்தோத்திரம் செலுத்துவார். உப்பைக்கூட விட மாட்டார். "மொத்தமாச் சொன்னா ஆண்டவருக்குப் புரியாதா?" என்று கேட்டால், "அவருக்குப் புரியும். எனக்குத்தான் மறந்துபோகும்" என்பார். வீட்டிலாவது பொறுத்துக்கொள்ளலாம். பந்தியில் நாலு பேர் நடுவில் இப்படி ஆரம்பித்தால் மானம் போகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இறால் ஆகாது. அரிப்பு, தடிப்போடு போகிற விஷயமில்லை. ஒருமுறை தெரியாமல் சாப்பிட்டுத் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, நான் பிழைத்து எழுந்ததே பெரும்பாடு. "இன்னொரு தடவை வந்தா இங்க வந்து சேரவே நேரம் இருக்காதும்மா" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் மீன், நண்டு இருக்கும் பக்கமே போக மாட்டேன். ஆட்டுக்கறி விருந்து என்றால் மட்டும் கவலையில்லாமல் உட்காருவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பசி உயிர் போகிறது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் வாசனை எதுவும் தெரியவில்லை. சோறு வந்தது, கறிக்குழம்பு வந்தது, சுடச்சுடக் கோலா உருண்டையும் வந்தது. எங்கள் பக்கத்துக் கறிவிருந்தில் கோலா என்றால் ஆட்டுக்கறியைக் கொத்தி, உருட்டிப் பொரித்ததுதான். அதில் போய்க் கேட்க என்ன இருக்கிறது?

இவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். சோற்றுக்காக ஸ்தோத்திரம். குழம்புக்காக ஸ்தோத்திரம். ஊறுகாய்க்காக ஸ்தோத்திரம். எதிர்வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கோலா வாளியோடு நின்ற அண்ணன்கூட நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். இவர் முடிப்பதற்குள் விருந்தே முடிந்துவிடும் என்று, ஒரு கோலாவை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"ஆட்டுக்கறிக் கோலாவுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார் இவர்.

"தப்பாச் சொல்றீகளே சார், அது ஆட்டுக்கறி இல்ல. இறால் கோலா! தொண்டியில இருந்து காலையிலதான் வந்துச்சு" என்றார் அந்த அண்ணன்.

உருண்டை என் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது! நான் வீல் என்று கத்த, இவர் என் கையைத் தட்டிவிட, கோலா பறந்து போய் எதிர்வரிசைக்காரர் ரசத்தில் விழுந்தது. இவர் தரதரவென்று என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், கையையும் வாயையும் திரும்பத் திரும்பக் கழுவ வைத்தார். "மூச்சு விடு பாப்போம், மூச்சு விடு" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, நான் விட்டுக்கொண்டே இருந்தேன். உதடு வீங்கவில்லை. தொண்டை அடைக்கவில்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை!

விஷயம் தெரிந்ததும் அந்த அண்ணன் வெலவெலத்துப் போய்விட்டார். "ஆத்தாடி! சாமி கும்பிடுற நேரத்துல குறுக்க பேசலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன்மா" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புது இலை போட்டு, அதில் வேறு சாப்பாடு வைத்தார்கள். இவர் மறுபடியும் கண்ணை மூடினார்! "ஆண்டவரே, அது இறாலாம். நான் தப்பாச் சொல்லிட்டேன், அதுக்காகவும் ஸ்தோத்திரம். குறுக்க பேசின அண்ணனுக்காக ஸ்தோத்திரம்." இந்த முறை என் கை மடியிலேயே இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என் பக்கத்துல உக்காந்திருக்கிற இவளுக்காக ஸ்தோத்திரம்" என்று முடித்தார்.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன், "இன்னைக்குப் பயந்துபோய்த்தானங்க என்னையும் சேத்தீக?"

"எப்பவும் கடைசியா உன்னையத்தான் சொல்றேன். நீதான் அதுக்குள்ள ரசத்துக்குப் போயிருவியே!" என்றார்.

இப்போது நானும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் ஸ்தோத்திரம் செய்கிறேன். சோறு ஆறினால் ஆறட்டும், கடைசிவரை சொல்லிப் பார்க்கும்போதுதான் ஆண்டவர் எனக்கு என்னென்ன கொடுத்து வைத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரிகிறது.