மூன்றாம் வரிசை வீட்டில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. காலைப் பூசைக்கு வந்து, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடன் பிறந்தவள் என்ற முறையில் நான் அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடக்கத்தன்றும் முப்பதாம் நாளன்றும் நம்மவர் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. அக்காவின் கணவர், எங்கள் மாமாவின் காதிலும் விழுந்தது. கடல் வருகிறது என்று தெரிந்தும் அந்த மனிதர் பிடிவாதமாக வீட்டைக் கட்டிக்கொண்டே இருந்தார், அதுதான் அவளைக் கொண்டுபோயிற்று என்றார்கள். ஆனால் நடந்தது வேறு. அதை அறிந்தவர்கள் இப்போது மாமாவும் நானும் மட்டுமே. மாமா பேச மாட்டார். ஆகவே நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இராயபுரத்தில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு சந்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா தவறிவிட்டார். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று. அந்த வருடமே அக்காவுக்கு நீண்ட காய்ச்சல் வந்து, முழங்கால்களும் மணிக்கட்டுகளும் வீங்கின. எழுந்து நடமாடத் தொடங்கியதும் எல்லோரும் அதை மறந்துபோனோம். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதங்களில் வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்பார். அக்கா பாத்திரங்களைப் பழைய புடவையில் மூட்டை கட்டுவார். அப்படி நான் எட்டாவது படிப்பதற்குள் பதினொரு வீடுகள் மாறினோம். எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. மாதா படத்தைக்கூடத் தரையில் சாய்த்துத்தான் வைத்திருந்தோம்.

பதினாலு வயதில் அக்கா துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலைக்குப் போனார். கோணி ஊசி பிடித்துப் பிடித்து வலது கை ஆள்காட்டி விரல் வளைந்தே போயிற்று. அந்த விரலால்தான் என்னைப் படிக்கவைத்தார். இன்று நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை.

மாமா துறைமுகத் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று, எல்லோரும் இருக்கும்போதே அக்கா அவரிடம் நேராகக் கேட்டார்: "சொந்தமா ஒரு வூடு கட்டுவியா?"

மாமா சற்று யோசித்து, "கட்டத் தெரியும். எடந்தான் இல்ல" என்றார்.

அறுபதுகளின் நடுவில் இடம் கிடைத்தது. திருவொற்றியூர் கடலோரத்தில், குப்பத்தை ஒட்டி, கடலிலிருந்து மூன்றாவது வரிசை. நாங்கள் குடிசை போட்டுச் சாமான் இறக்கிய அன்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்து நின்று பார்த்தார். மீன் விற்பவர். கட்டுமரம் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த கணவரை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்.

"மூணாவது வரிசன்னு சொல்லி வித்தாங்களா?" என்று கேட்டார். "எங்க மாமியா வந்தப்ப இது ஏழாவது வரிச. இன்னாத்துக்கும்மா இங்க வந்து கால வெக்கிற?"

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய், முதல் வேலையாகக் கம்பத்தில் ஓர் ஆணி அடித்து மாதா படத்தை மாட்டினார்.

அதற்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் அவர்கள் இருவரும் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமா சட்டையைக் கழற்றுவார். அக்கா மணல் சலிக்க உட்காருவார். கப்பல்களில் சரக்குக்கு அணை கொடுக்கும் பலகைகளை ஏலத்தில் எடுத்து மாமா கதவும் பரணும் செய்தார். ஓலைச் சுவர் ஒவ்வொன்றாகச் செங்கல் சுவராயிற்று. சிவப்புத் தரையை இருவரும் மண்டியிட்டு, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள்.

மாலையில் போர்வை வேலை. இராயபுரத்துத் தையற்கடைகளில் கழித்துப்போடும் வெட்டுத் துணிகளை அக்கா மூட்டையாக வாங்கி வருவார். மாமா தச்சுக்கோலை வைத்துச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டிக் கொடுப்பார். அக்கா ஒட்டுப்போட்டு, அடியில் துவைத்த சாக்கைக் கொடுத்து, கிடங்கில் கற்ற இரட்டைத் தையலால் சேர்ப்பார். "இன்னாத்துக்கு இவ்ளோ நெருக்கமா தைக்கிற? போர்வதானே" என்று ஒருமுறை மாமா கேட்டதற்கு, "பிரிஞ்சிபோற மாரி தைக்க எனுக்குத் தெரியாது" என்றார். நம் சொந்தத்தில் அநேகமாக எல்லார் வீட்டிலும் ஒரு போர்வை இருக்கும்.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் முதல் வரிசை போயிற்று. கடல் சீறிக்கொண்டு வரவில்லை. சத்தமில்லாமல் அடிமணலை உருவியது. காலையில் பார்த்தால் ஒரு வீட்டின் பின்சுவர் சாய்ந்திருக்கும். மாலையில் அந்த வீட்டுக்காரர்கள் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது வீடுகள். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசை நின்றது.

அதே ஆண்டுதான் அக்காவுக்கு வயிற்றில் தங்கியிருந்த பிள்ளை கலைந்தது. மாமா வேலையில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துச் சென்றேன். சோதித்துப் பார்த்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டதாம். பளு தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, பிள்ளை வேண்டவே வேண்டாம். பத்திரமாக இருந்தாலும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "மாமாக்கு இது தெரியக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு." நான் சத்தியம் செய்தேன். அது தவறு என்று இன்று நினைக்கிறேன்.

அதன் பிறகு மாமாவின் வேலைகள் வேறு விதமாயின. அடுப்பை நின்றபடி சமைக்கும் உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றினார். தண்ணீர்த் தொட்டியை இடுப்பளவுக்கு உயர்த்தி, அடியில் குழாய் வைத்தார். தலைமாட்டைச் சாய்வாக உயர்த்திக் கட்டில் செய்தார். பிறகு, யாரும் செய்யாத காரியமாக, கடல் பக்கத்துச் சுவரை இடித்துப் பெரிய ஜன்னல் ஒன்று வைத்தார். கடலுக்கு அழைப்பு வைக்கிறார் என்று நீங்களே கேலி செய்தீர்கள். "காத்து வரட்டும்" என்பதற்கு மேல் மாமா ஒன்றும் சொல்லவில்லை.

தெற்கே கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். அந்தப் பக்கம் கரை நின்றது. அங்கே தடுக்கப்பட்ட கடல் எங்கள் பக்கம் வேகமாகத் திரும்பியது. இரண்டாம் வரிசையில் விரிசல் விழத் தொடங்கியபோது, மாமா ஒரு மாலை துறைமுகக் குடியிருப்பில் வீடு ஒதுக்கிய காகிதத்தோடு வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். நீங்கள் யாரும் அறியாதது இதுதான்.

"கோட்டர்ஸ் வந்துகீது" என்றார் மாமா. "ரெண்டு ரூம்பு. அடுத்த மாசமே போய்க்கலாம்."

"அது யாரு வூடு?" என்றார் அக்கா.

"ஆபீஸ் வூடுதான்."

"அப்ப நான் வரல. நீ வேணா போ."

"கடல பாத்தியா நீ?"

"டெய்லி பாத்துகினுதான் கீறேன்."

மாமா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சமையக்கட்டு சுவத்துக்கு இன்னொரு பூச்சு பூசணும். மணலு கீதா?" என்றார். தங்கியது மாமாவின் பிடிவாதத்தால் அல்ல.

அவர் வெளியே போனதும் நான் அக்காவைக் கடிந்துகொண்டேன். அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே பேசினார். "டாக்டரம்மா சொன்னப்ப நீயுந்தானே பக்கத்துல இருந்தே? எனுக்கு இருக்கிற நாளுக்கு இந்த வூடு தாங்கும் பாப்பா. ஒண்ணு அது மொதல்ல போவும், இல்ல நான் மொதல்ல போவேன். இன்னொருத்தன் வூட்ல கெடந்து சாவ மாட்டேன்."

அக்காவின் குரலில் கோபமோ துக்கமோ இல்லை. அடுத்த வாரம் எந்தத் துணியை எங்கே ஒட்டுவது என்று சொல்வதுபோல் சொன்னார்.

அதன்பின் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அக்காவின் உதட்டு நிறத்தைப் பார்க்கும், பிறகு ஜன்னல் வழியே கடலைப் பார்க்கும். இரண்டாம் வரிசை காலியாயிற்று. கூரையில்லாத சுவர்களுக்கிடையே அலை வந்து போயிற்று. தரையில் காதை வைத்தால் கீழே மணல் இறங்கும் ஓசை கேட்பதாக அக்கா சொன்னார். நான் வைத்துப் பார்க்கவில்லை. அவர்களோ பரணுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி வேலையை நிறுத்திய நாள். பள்ளிக்கும் விடுமுறை விட்டதால் நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா நனைந்துகொண்டு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில், பிற்பகல் இரண்டு மணி இருக்கும், இரண்டாம் வரிசையின் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தண்ணீர் ஜன்னலுக்குக் கீழே வந்து முட்டியது. பிறகு வாசல் வழியாகவே உள்ளே வந்தது.

கன்னியம்மா வாசலில் வந்து நின்றார். "யக்கா, அவர எப்பிடி தூக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா கட்டிலில் கிடந்த பெரிய போர்வையை உருவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். கன்னியம்மாவின் கணவரை அதில் படுக்கவைத்தோம். மாமா ஒரு மூலை, கன்னியம்மா ஒரு மூலை, நான் ஒரு மூலை. நான்காவது மூலையை அக்கா பிடித்தார்.

"நீ வுடு" என்றார் மாமா. "நீ போயி ரோட்ல நில்லு."

"நாலு மூலைக்கு நாலு பேரு வேணும்."

"அக்கா, வேணாம்" என்றேன். அவர் போர்வை மூலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். சுற்றிலும் கூப்பிட ஆளும் இல்லை. எல்லோரும் முன்பே ஓடிவிட்டிருந்தார்கள்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் பெருந்தெரு வரை சுமந்தோம். கனத்த மனிதர். துணி ஈரத்தில் இன்னும் கனத்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. தெருவில் அவரை இறக்கிவைத்ததும் அக்கா ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார். உதடு கறுத்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார். மூச்சு உள்ளே போகவில்லை. அன்று கன்னியம்மாவின் கணவர் பிழைத்தார். இன்று பூசைக்கும் வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அக்கா பத்தொன்பது நாட்கள் இருந்தார். டாக்டர் மாமாவைத் தனியே அழைத்து இதயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது மாமா, "தெரியும் சார்" என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வராந்தாவுக்கு வந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்து, சத்தியம் செய்ததைச் சொல்லி அழுதேன்.

"பக்கத்துல படுக்கறவனுக்கு மூச்சு வாங்கறது தெரியாதா பாப்பா?" என்றார் மாமா. "புள்ள கலைஞ்சப்பவே நான் போயி அந்த டாக்டரம்மாவ கேட்டேன். ஒங்கக்கா மறைக்கணும்னு நெனச்சா. சரி, மறைச்சிக்கட்டும்னு வுட்டேன்."

"அப்போ ஏன் மாமா கோட்டர்ஸுக்குப் போகணும்னு கட்டாயப்படுத்தல?"

"அது மூணாவது மாடி. கடலுக்கு பயந்துதான் கேட்டேன். அவ வேணான்னதும், படியேற வேணாமேன்னு வாய மூடிகினேன்." என்னைக் கைபிடித்து எழுப்பிவிட்டு, "மூணு பேர்ல ஒருத்தரு வாயத் தொறந்து பேசியிருந்தா, தரையில ஒரு எடம் பாத்திருப்போம்" என்றார்.

இந்தக் குற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. யாரையாவது பேசுவதானால் என்னையும் சேர்த்துப் பேசுங்கள்.

கடைசிக்கு முந்தின நாள் மாமா அக்காவிடம் சொல்லிவிட்டார், எல்லாம் தெரியும் என்று. அக்கா "எப்பலேந்து?" என்று கேட்டார். "ஜன்னலு வெக்கறதுக்கு முன்னாலேந்து" என்றார் மாமா. அக்கா அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "வூடு கீதா?" என்றார்.

அதற்கு நான்கு நாட்கள் முன்பே வீடு போய்விட்டது. அடுப்பு மேடை, பரண், சிவப்புத் தரை, ஒன்றும் இல்லை. மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லியிருந்தார்.

"கீது" என்றார் மாமா. "நீ வா, சுண்ணாம்பு அடிக்கணும்."

மறுநாள் காலை, சாமியார் கையால் அவஸ்தைப்பூசுதல் பெற்று, அக்கா அமைதியாகக் கண்மூடினார். வயது முப்பத்தெட்டு.

அந்த நாட்களில் இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதி ஆறுதல்களை அளித்த பங்குச் சாமியாருக்கும், சவப்பெட்டியைத் தங்கள் கையாலேயே இழைத்துக் கொடுத்த தச்சுப் பட்டறைத் தோழர்களுக்கும், கிடங்கிலிருந்து வந்து அழுத சகோதரிகளுக்கும், கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஒருநாள்கூடத் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்த கன்னியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் ஆன்மா இளைப்பாற உங்கள் மன்றாட்டில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, மாமா கடைசிப் பந்தியில், ஓரமாக, தனியே உட்காருவார். இதைப் படித்தவர்களில் யாராவது எழுந்து போய், அவர் பக்கத்து இலையில் உட்காருங்கள்.